மாப்பிள்ளை வண்டிக்குப் போட்ட சுவிட்ச்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் எழுத்தரே தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நான் சுவிட்ச் என்று சொன்ன இடத்திலெல்லாம் அவர் பொத்தான் என்று அடித்துக்கொண்டிருந்தார். பொத்தான் வேறு, சுவிட்ச் வேறு. பொத்தானிலிருந்து கையை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சுவிட்ச் நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும். முப்பத்தொரு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

விபத்து என்று எழுதி நீங்கள் மூடிவிட்ட கோப்பு இது. அதைத் திரும்பத் திறக்கச் சொன்னதில் உங்கள் முகம் கொஞ்சம் சுளித்ததைப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஒழுங்காக முடித்துக் கொடுத்த வேலையை எவனாவது வந்து திரும்பப் பிரி என்றால் எனக்கும் எரிச்சல்தான் வரும்.

என் மகளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அம்மா போய்விட்டாள். அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டால் நேராக என் பட்டறைக்குத்தான் வருவாள். வேலைக்கு நிற்கும் வண்டி எதுவோ அதன் பானட்டில் நோட்டை விரித்துக் கணக்குப் போடுவாள். வாடிக்கையாளர் வந்து வண்டியைக் கேட்டால், "இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு, கொஞ்சம் இருங்க" என்பாள். மற்ற பிள்ளைகள் வானவில் வரைந்தால் ஏழு நிறம் போடுவார்கள். இவள் பதினொன்று போட்டாள். டீச்சர் கூப்பிட்டு விசாரித்தார். நான் போய்ப் பார்த்தேன். மஞ்சளில் கறுப்புக் கோடு, பச்சையில் வெள்ளைக் கோடு என்று என் பட்டறை ஒயர்களையெல்லாம் வானத்தில் ஏற்றி வைத்திருந்தாள். நான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது கைவிளக்கு பிடிப்பது அவள் வேலை. எங்கே காட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் கை போகிற இடத்துக்கு முன்னாலேயே வெளிச்சம் போய் நிற்கும்.

கல்யாணத்துக்கு ஆளை அவளே பார்த்துக்கொண்டாள். நிலம் அளக்கும் வேலையில் இருந்தவர். என் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை அளக்க வந்தவர், மூன்று நாளில் முடியவேண்டிய அளவை மூன்று வாரம் இழுத்தார். எனக்குப் புரியாமல் இல்லை. மறுப்புச் சொல்ல நான் ஒரு காரணம் தேடினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். குடிக்கமாட்டார். கோபப்படமாட்டார். என்னை மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவர் குரல் மட்டுமில்லை, கையும் மெதுவானது. அளவைக் கருவியின் திருகுகளை ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி என்று திருப்பிப் பழகிய விரல்கள். கதவைச் சாத்தினால்கூடச் சத்தம் வராது. நல்ல மனிதர். அதில்தான் எனக்குச் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் நான் வாய்விட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர்கள் குடியேறிய ஊர் மூன்று மணி நேர ஓட்டம். ஆரம்பத்தில் வாரம் தவறாமல் வந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு, "இந்த மாசம் முடியலப்பா, அடுத்த மாசம் பாக்கலாம்." எனக்கு வீடு வெறிச்சோடிப் போயிற்று. சும்மா இருக்கமுடியாமல், நன்றாக எரிகிற விளக்கின் ஒயரைப் பிரித்துத் திரும்ப மாட்டுவேன். அந்த நிலைமையில் இருந்த ஆள் நான் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை தன் காருக்கு ஃப்யூல் கண்ட்ரோலர் வாங்கிக்கொண்டு வந்தார். கம்பெனி வண்டியோடு வருவதில்லை; தனியாக வாங்கி மாட்டுவது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று சென்சார் ஒன்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும். இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு, சென்சார் சொல்வதைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லும். பொய் சொல்லும் பெட்டி, அவ்வளவுதான். நியாயமான அளவில் சொன்னால் வண்டிக்கு இழுவை கூடும். மாப்பிள்ளை அதைக் குழந்தைபோலக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மாமா, ஒரு பைபாஸ் சுவிட்சும் போட்டுக் குடுங்க. பொட்டி மக்கர் பண்ணினா தட்டிவிட்டுட்டு பழையபடி ஓட்டிட்டு வந்துடலாம்."

புத்திசாலித்தனமான யோசனை. பெட்டி கெட்டுப்போனால் அதை விலக்கிவிட்டு சென்சாரையும் கம்ப்யூட்டரையும் நேராகப் பேசவிடுவது. அதற்கு இரண்டு பக்கம் மட்டுமே உள்ள சுவிட்ச் வேண்டும்: இந்தப் பக்கம் பெட்டி, அந்தப் பக்கம் நேர்வழி. அன்றைக்கு என்னிடம் அது இல்லை. மூன்று நிலை உள்ளது இருந்தது. அதில் நடுவிலும் நெம்புகோல் நிற்கும். நடுவில் நின்றால் ஒயர் எதனோடும் சேராது. கம்ப்யூட்டருக்கு எந்தச் செய்தியும் போகாது. அந்த மாடல் வண்டியில் எஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிடும்.

என்னைப்போன்ற பட்டறைக் கைகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. நாங்கள் கட்டைவிரலால் ஒரே தட்டாகத் தட்டுவோம். நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த்தான் நிற்கும். நான் பத்து தடவை தட்டிப் பார்த்தேன், பத்து தடவையும் சரியாகப் போயிற்று. அடுத்த முறை வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று ஸ்டியரிங்குக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் அதையே பொருத்தினேன். இதுவரை நடந்தது கவனக்குறைவு. எங்கள் தொழிலில் தினம் நடப்பது. இதற்கு என்னைத் தண்டிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் வண்டி வழியில் நின்றுவிட்டது. மெதுவான கை இல்லையா, பெட்டி மக்கர் பண்ணவும் நெம்புகோலை அளவைத் திருகு மாதிரித் தள்ளியிருக்கிறார். அது நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. இழுவை வண்டியில் கட்டிக்கொண்டு என் பட்டறைக்கே வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் குனிந்து பார்த்த உடனே தெரிந்துபோயிற்று. ஒரு விரல் தட்டு, வண்டி ஓடும். தட்டவில்லை. "கொஞ்சம் பாக்கணும் மாப்ளே" என்றேன். மகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கைவிளக்கை எடுத்தாள். பிரிக்க வேண்டியதில்லாத ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் தன் பக்கத்து வீட்டுக்காரியைப் போலப் பேசிக் காட்டினாள். மாப்பிள்ளை டயர் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போனார்கள். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சுவிட்சை மாற்றவில்லை. அது மட்டுமில்லை. பெட்டிக்குப் போகும் ஒயரில் ஒரு இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விட்டேன். முறுக்கிச் சுற்றும் வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. செய்கிறவர்களைக் கேவலமாகப் பேசியிருக்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அந்த இணைப்பு தளர்ந்து வண்டி குலுங்கும். குலுங்கினால் அவர் சுவிட்சைத் தள்ளுவார். தள்ளினால் நடுவில் நிற்கும். நின்றால் எனக்கு ஃபோன் வரும்.

"மாமா, பொட்டி திரும்பவும் சண்டித்தனம் பண்ணுது. ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

சொல்லிவைத்தாற்போல மூன்று வாரத்துக்கு ஒருமுறை. எட்டு மாதம் இப்படி ஓடிற்று. யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. ஊர்ப்பாதையில், சந்தை ஓரத்தில், ஒரு தடவை அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. ஒரு அப்பன் தன் பெண்ணைப் பார்க்க இதைவிடக் குறைவான தொந்தரவு கொடுத்திருக்க முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் அலுத்துத்தான் போயிற்று. "பேசாம கழட்டிப் போட்டுரலாமா மாமா?" என்று கேட்டார். உங்கள் ஊர்ப் பெட்ரோல் சரியில்லை, பெட்டிமேல் பழி போடாதீர்கள் என்று சொல்லித் தடுத்தேன். ஒருமுறை அந்த ஊர் மெக்கானிக் ஒருவனிடம் காட்டியிருக்கிறார். அவனுக்குக் கண் இருந்தது.

"அவன் சொல்றான் மாமா, நடுவுல ஒண்ணுமே இல்லையாம். எவன்யா இந்த சுவிட்சப் போட்டதுன்னு கேக்கறான். எங்க மாமா போட்டது, அதுல தப்புன்னா கம்பெனி வண்டியையே தப்பா செஞ்சிருக்கான்னு அர்த்தம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஃபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய இடம் அது என்று நீங்கள் சொல்வீர்கள். வாய்வரை வந்தது. ஆனால் சொல்லியிருந்தால் அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை என்ன ஆகும்? அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அவனுக்கு என்ன தெரியும் மாப்ளே. குலுங்கினா ஓடும்போதே தள்ளுங்க, பதறாம மெதுவா தள்ளுங்க" என்றேன். மெதுவாக என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன்.

பிறகு மாப்பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு நாள் ரயிலில் போகவேண்டிய ஊர். வண்டியை அங்கே கொண்டுபோக முடியாது, அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவதாக முடிவு. எனக்குச் செய்தி சொன்னபோது மகள் அழவில்லை. கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்துருவோம்பா" என்றாள். அதை ஏதோ பெரிய பரிசு கொடுப்பதுபோலச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கிளம்புவதற்கு முன் மூன்று நாள் என் வீட்டில் தங்க வந்தார்கள். இரண்டாம் நாள் சாவி கீழே விழுந்து அதை எடுக்கக் குனிந்தவள், அப்படியே வண்டிக்குள் குனிந்தவாறு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இது நடுவுல நிக்குதே. மூணு நிலை சுவிட்சா போட்ட?"

என் பெண்ணல்லவா, நெம்புகோலை ஒருமுறை தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். கடைத்தெருவுக்கு நடந்துபோய் இரண்டு பக்கச் சுவிட்ச் ஒன்று வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். "வாங்கிட்டுப் போறவங்க பாவம், இதைப் போட்டுடுப்பா" என்றாள். சாயங்காலம் தேநீர் கொண்டுவந்தபோது, "மாத்திட்டியா?" என்று கேட்டாள். மாற்றிவிட்டேன் என்றேன். தேநீரையும் குடித்தேன். அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை, இழுப்பறையில் போட்டுவிட்டேன். அன்று மதியம் நான் செய்த வேலை வேறு. முறுக்கியிருந்த இணைப்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

மறுநாள் காலை இருவரும் தலைமை அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது. கருவிகளை ஒப்படைத்து, வண்டியைக் கொடுத்துவிட்டு, பேருந்தில் திரும்புவதாக ஏற்பாடு. போகும் வழியில் கல்குவாரி மேடு இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். இரண்டே தடம். எதிரே கல் ஏற்றிய லாரிகள் இறங்கும். நம் பக்கம் காலி லாரிகள் முக்கி முனகி ஏறும். முந்திப் போகாமல் அந்த மேட்டைத் தாண்ட முடியாது. என் பட்டறையிலிருந்து கிளம்பினால் நாற்பது நிமிஷம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்திருக்கும். மேடு ஏறும்போது இன்னும் ஏறும்.

ஒரு சின்ன இடிபாடு என்றுதான் மனதில் வைத்திருந்தேன். கை கால் முறிவு. மூன்று மாதம் படுக்கை. மாற்றல் தள்ளிப்போகும், என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கட்டிலை எந்த அறையில் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். மருமகனுக்குத் தீங்கு நினைக்கிறவன் காற்று வரும் அறையைத் தேடமாட்டான் என்பதை நீங்கள் பார்க்கவேண்டும்.

வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெல்ட்டும் போட்டுவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் போய், "அலமாரியில உன் சாமான் அப்படியே கிடக்கு. எது வேணும் எது வேண்டாம்னு பிரிச்சுக் குடுத்துட்டுப் போம்மா. அவர் மட்டும் போயிட்டு வரட்டும்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினாள். மாப்பிள்ளை சிரித்தார். "விடும்மா, அப்பாகூட இரு, மத்தியானம் வந்துடறேன்" என்றார். "பெல்ட்ட போட்டுக்குங்க மாப்ளே" என்று நான் சொன்னேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் பக்கத்துக்குச் சேரவேண்டியது, விட்டுவிடாதீர்கள்.

மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னது முழுக்க உண்மை: முந்திக்கொண்டிருந்த கார், எதிர்த்தடத்தில், பிரேக் விளக்கு எரியாமல், இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு அப்படியே தளர்ந்துபோயிற்று. இறங்கி வந்த லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான் நேரம் இருந்தது. ஓட்டியவர் கலவரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டிருக்கலாம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவர் கலவரப்படுகிற ஆள் இல்லை. நான் சொன்னபடி, பதறாமல், மெதுவாகத் தள்ளியிருக்கிறார். நொறுங்கிய வண்டியை என் பட்டறைக்கு இழுத்து வர நீங்களே அனுமதி கொடுத்தீர்கள். சுவிட்சைக் கழற்றியபோது நெம்புகோல் நடுவில் இருந்தது. இந்தக் காகிதத்தோடு அதையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் அழுதேன். நடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்காக நான் அழுததைப்போல அவர் சொந்த அண்ணன்கூட அழவில்லை.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு மாதம். தினமும் பட்டறைக்கு வந்து ஓரமாக உட்காருவாள். கைவிளக்கைத் தொடுவதில்லை. கையில் தெம்பு வரவில்லை போலிருக்கிறது. வேளைக்குச் சாப்பிட்டாள். துக்கத்தில் பக்குவம் வரும் என்பார்கள். சின்னதிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள், போன மாதத்திலிருந்து நீங்கள் என்று மரியாதை கொடுத்துப் பேசுகிறாள். போன மாதம்தான் இழுப்பறையைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தாள். அந்தப் பிரிக்காத பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அன்னிக்கு மாத்திட்டேன்னு சொன்னீங்களே?"

மாற்றினேன், இது வேறு ஒன்று, அதே கடையில் நான் வாங்கியது என்றேன். என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நம்பாதவள் ஏதாவது கேட்டிருப்பாள் அல்லவா? இவள் அதன்பிறகு எதைப் பற்றியும் என்னிடம் கேட்கவே இல்லை.

நான்கு நாள் கழித்து, கணவன் வேலையை அவளுக்கே தருவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொன்னாள். அவர் போகவேண்டியிருந்த அதே ஊர். நானும் கூட வரட்டுமா, பட்டறையை மூடிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம். நீங்க வரவேண்டாம். நானும் இனிமே வரமாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ரயில்.

ஏன் ஏழு மாதம் கழித்து வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அந்த மேட்டில் வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதுவரை தெரிந்து, அவளை மட்டும் இறங்கச் சொல்லிவிட்டு அவரை அனுப்பினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதையும் பின்னால் மறுக்கமாட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். சுவிட்சைப் பார்த்தவள், மாற்றச் சொன்னவள், பொட்டலத்தைக் கண்டுபிடித்தவள் எல்லாம் அவள்தான். அவளைவிட்டால் இந்த வழக்குக்குச் சாட்சி கிடையாது. விசாரணை முடியும்வரை சாட்சி ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தக் கடிதம் அவள் கைக்குப் போய்விடவேண்டும். மற்றபடி நீங்கள் அவசரப்பட வேண்டாம். எத்தனை வருஷமானாலும் சரி, நிதானமாகவே விசாரியுங்கள்.